விடியற்காலைக் கனவுக்கு வரி

கோம்பைநத்தத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதலில் பேசுகிற ஆள் சஷ்டிகாதான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பாள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு மேடையில் ஆளுங்கட்சிக்காரர் பேசினாலும், எதிர்க்கட்சிக்காரர் பேசினாலும், காதுகுத்து வீட்டில் தாய்மாமன் பேசினாலும், அவள் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகின் மேல் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். கூட்டம் கைதட்டினால் அவள் தட்ட மாட்டாள். கை தூக்கச் சொன்னால் தூக்க மாட்டாள். மைக்செட்காரருக்குக் கட்சி கிடையாது என்பது அவள் புருஷன் தருண் போட்டுவிட்டுப் போன சட்டம்.

தருண், சஷ்டிகா என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு மைக்செட் கட்டுகிறார்களே என்று சிரிக்க வேண்டாம். நான் சொல்கிற காலத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அப்படித்தான் பெயர். முனியாண்டி, மாரியம்மா எல்லாம் கைக்குழந்தைகளுக்கு வைக்கிற புது மோஸ்தர் பெயர்களாகிவிட்டிருந்தன.

தருண் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மலை மேல் மேலக்காடு என்ற ஊரில் கோயில் கொடை விழாவுக்கு மைக்செட் கட்டிவிட்டு இறங்கும்போது, நாவல்மரத்து வளைவில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். நின்ற வாக்கில் போய்விட்டார், வலியே தெரிந்திருக்காது என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். அவளும் நம்பினாள். அன்றிலிருந்து விடிகிற நேரத்தில் அவளுக்கு ஒரே கனவு. அவள் ஏதோ ஒரு வண்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். வெளியே பனி. நாவல்மரத்தடியில் தருண் தோளில் குழாய் ஸ்பீக்கரோடு நின்று கையை நீட்டுகிறான். நிறுத்துங்கள் என்று கத்துகிறாள், சத்தம் வரவில்லை. ஊருக்கே சத்தம் கொடுக்கிறவளுக்குத் தன் கனவில் சத்தம் கிடையாது. வண்டி நிற்காமல் போய்விடும். போகிற போக்கில் அவன் முகம் ஜன்னலுக்கு மிக அருகில் வந்து, அவளைப் பார்த்து, பின்னால் நழுவிவிடும்.

நல்ல கனவு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த முகத்துக்காகவே அவள் தினமும் சீக்கிரம் படுத்தாள்.

இனி வரி விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுநர் இல்லாத பஸ்கள் வந்த புதிதில் வேறு தேசத்துச் சாலைகளில் அவை சமர்த்தாக ஓடின. நம் பக்கத்துக்கு வந்ததும் முழி பிதுங்கிவிட்டது. சாலை நடுவே படுத்திருக்கிற எருமை எழுந்திருக்குமா, எழுந்திருக்காதா? சைக்கிளில் வருகிறவர் கையை நீட்டுவது திரும்புவதற்கா, எதிர்வீட்டு மச்சானுக்கு வணக்கம் சொல்வதற்கா? எந்த இயந்திரத்துக்கும் பிடிபடவில்லை. அப்போதுதான் யாரோ கண்டுபிடித்தார்கள், தூங்குகிற மனித மூளை ராத்திரி முழுக்க இதே வேலையைத்தான் பார்க்கிறது என்று. இப்படி நடந்தால் என்ன செய்வது, அப்படி வந்தால் எங்கே ஒதுங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஒத்திகையின் பெயர்தான் கனவு. தலையணைக்கு அடியில் சின்ன வடை அளவுக்கு ஒரு வில்லையை வைத்துவிட்டால் போதும், அது கனவை உறிஞ்சி வண்டிகளுக்கு அனுப்பிவிடும். அரசாங்கம் அதற்கு மண்டலப் போக்குவரத்துப் பங்களிப்பு என்று பெயர் வைத்தது. ஜனங்கள் கனவு வரி என்றார்கள். வண்டிக்குக் கனாவண்டி என்று பெயர் வந்தது.

ஆரம்பத்தில் யாரும் எதிர்க்கவில்லை. பையில் இருந்து போகாத வரி யாருக்குக் கசக்கும்? ஒரே ஒரு சலுகை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். விடிகிற நேரத்தில் காணும் கனவு பலிக்கும் என்று நம்புகிற ஜனம் இது. அதனால் முன்னிரவுக் கனவு அரசாங்கத்துக்கு, விடியற்காலைக் கனவு வீட்டுக்கு என்று ஒப்பந்தமாயிற்று. பத்து வருஷம் அப்படியே ஓடியது.

இப்போது அந்த விடியற்காலைக் கனவையும் கேட்டார்கள்.

கருத்துக் கேட்டுக் கை தூக்கி முடிவெடுக்கிற கூட்டம் நகராட்சித் திருமண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்து வாழை மரம் இன்னும் வாசலில் நின்றது. மைக்செட், வழக்கம்போல, சஷ்டிகாவுடையது. போக்குவரத்து வாரியத்திலிருந்து ஆலியா என்ற பொறியாளர் வந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். வேலை நிமித்தமாக இதே ஊரில் வீடு எடுத்துத் தங்கியிருந்ததால் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும்.

"மேலக்காட்டுக்கு வண்டி விடணும்னா முன்னிரவுக் கனவு போதாதுங்க" என்று ஆலியா ஆரம்பித்தாள். "அது அன்னன்னைக்கு நடந்ததோட துண்டுதுணுக்கு. சந்தைக்குப் போனது, சண்டை போட்டது, அவ்வளவுதான். சமவெளி ரோட்டுக்கு அது சரி. மலை ரோட்டுல பனி இருக்கும், மண் சரியும், யானை வரும். அதுக்கு ஆழமான கனவு வேணும். பயமும் பாசமும் சேர்ந்து வர்றது விடியற்காலையிலதான்."

"போட்டோ எடுக்குற மாதிரி எடுத்துக்கிட்டு, கனவை எங்ககிட்டயே விட்டுற வேண்டியதுதான?" என்று ஒருவர் கேட்டார்.

"முடியாதுங்கய்யா. ஒரே மாவுல இட்லியும் அவிச்சு, அதே மாவுல தோசையும் ஊத்த முடியுமா? எடுத்தா எடுத்ததுதான். காலையில எந்திரிக்கும்போது ஒண்ணும் இருக்காது."

மண்டபம் சலசலத்தது. தனக்குக் கனவே வருவதில்லை, இதுநாள் வரை வாங்கியதை எந்தக் கணக்கில் வாங்கினீர்கள் என்று ஒருவர் நியாயம் கேட்டார். கவிதை எழுதுகிறவர்களுக்கு விலக்கு வேண்டுமென்று ஒருவர் எழுந்தார். அவர் கவிதைகளைப் படித்தவர்கள் முதலில் அவரிடமிருந்து எடுக்கச் சொன்னார்கள். பிறகு யுவராணி டீச்சர் மைக்கைப் பிடித்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதனால் சத்தம் அடங்கியது.

"ரோட்டுக்கு நிலம் கேட்டாங்க, கொடுத்தோம். வண்டிக்கு முன்னிரவு கேட்டாங்க, கொடுத்தோம். இப்ப மனசோட உள்ளறைக்கு வந்து நிக்கிறாங்க. மலையில இருக்குறது நாலு தெரு. அவங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா நாலு தெருவுக்காக ஒரு ஊரே வெறும் தலையோட எந்திரிக்கணுமா? இன்னைக்கு இதைக் கொடுத்துட்டா நாளைக்கு எதைக் கேப்பாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா?"

கைதட்டல் காதைப் பிளந்தது. சஷ்டிகா தட்டவில்லை, ஆனால் டீச்சர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு இனித்தது. வரி தோற்றுவிடும் என்று பட்டது. நாளை விடியலிலும் அவன் வருவான். அவள் நிம்மதியாகத் திருகைச் சரிசெய்தாள்.

அடுத்ததாக மேலக்காட்டு ரேஷன் கடைக்காரர் ஹேமந்த் வந்தார். நரைத்த தாடி, மலை இறங்கி நடந்தே வந்த புழுதிக் கால்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பேசினார்.

"பத்து வருஷமா நாங்களும் முன்னிரவுக் கனவு குடுக்குறோங்க. மலையில உள்ளவன்னு எங்களுக்குத் தள்ளுபடி எதுவும் இல்ல. எங்க கனவுல ஓடுற வண்டி எங்க ஊருக்கு ஒரு நாளும் வந்ததில்ல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." ஆனால் போகவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும். நாலு வருஷம் முந்தி எங்க ஊருக் கொடைக்கு மைக்செட் கட்ட ஒரு ஆள் வந்தாரு. நல்ல மனுஷன். இறங்கும்போது நாவல்மரத்து வளைவுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. நான் கூட இருந்தேன். விடிஞ்சும் விடியாம இருக்கையில வந்த வலி. வெயில் ஏறுற வரைக்கும் உயிரோடதான் இருந்தாரு. தூரத்துல ஜீப் சத்தம் கேக்குற மாதிரி இருந்தா எந்திரிச்சு நின்னு கையை நீட்டுவாரு. வராது. மறுபடி உக்காருவாரு. இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு நானும் பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன். உக்காந்திருந்தாலும் அந்தக் குழாயை மட்டும் தோள்லருந்து இறக்கல. வாடகைப் பொருளாம், மண்ணுல வைக்கக்கூடாதாம்..."

அவர் குரல் உடைந்து இறங்கியது. பேசுகிறவர் குரல் இறங்கினால் சத்தத்தைக் கூட்டிவைப்பது மைக்செட்காரர்களின் கைப்பழக்கம். சஷ்டிகாவின் கை தன்பாட்டில் திருகைக் கூட்டியது. ஹேமந்தின் தேம்பல் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு, கேட்டது என்னவென்று உறைத்தது.

அப்படியானால் கை நீட்டியது கனவு இல்லை. நின்ற வாக்கில் போகவில்லை. நாலு வருஷமாக அவன் அவளிடம் வந்து நடந்ததை நடந்தபடியே காட்டிக்கொண்டிருந்தான், அவளோ அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்தாள். ஒயரைத் தாண்டி மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். "ஹலோ" என்றாள். மைக் டெஸ்டிங் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

"என் பேரு சஷ்டிகா. அவரு என் வீட்டுக்காரர்."

சிரிப்பு நின்றது. ஹேமந்த் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்றார்.

"தினமும் விடிகாலையில அவரு எனக்குக் கனவுல வர்றாரு. அதே வளைவுல நிக்கிறாரு. கையை நீட்டுறாரு. நான் வண்டிக்குள்ள இருக்கேன். கத்துறேன், வண்டி நிக்க மாட்டேங்குது. போற போக்குல முகத்தைப் பாக்குறேன், அவ்வளவுதான். இந்த வரி வந்தா அதுவும் போயிரும். எனக்குக் குடுக்க மனசில்ல. டீச்சர் பேசுனப்ப உள்ளுக்குள்ள நானும் கைதட்டுனேன். ஆனா அன்னைக்கு அந்த ரோட்டுல ஒரு வண்டி வந்திருந்தா எனக்கு இந்தக் கனவே தேவைப்பட்டிருக்காது. எடுத்துக்கங்க."

அவ்வளவுதான் பேசினாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கை தூக்கச் சொன்னபோது முதல் தடவையாகத் தூக்கினாள். எல்லோரும் தூக்கிவிடவில்லை. யுவராணி டீச்சர் கடைசிவரை கைகளைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார், அது அவர் நேர்மை. ஆனாலும் வரி ஜெயித்தது.

வரி அமலுக்கு வருவதற்கு முந்தின விடியலில் ஊரே கொஞ்சம் கூடுதலாகத் தூங்கியது. பால்காரர்கள் தாமதமாக வந்தார்கள், அதற்காக யாரும் அவர்களைத் திட்டவில்லை. சஷ்டிகா தலைக்குக் குளித்து, அவனுக்குப் பிடித்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். கனவுக்கு அது தெரியவா போகிறது என்று அவளுக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. கனவு வந்தது. பனி, நாவல்மரம், நீட்டிய கை. இந்தத் தடவை கத்தவில்லை. முகம் அருகே வந்தபோது ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை மட்டும் வைத்தாள். வண்டி போய்விட்டது.

அதற்கடுத்த விடியல்களில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினாள், திறந்தாள், நடுவில் எதுவும் இல்லாமல் காலை வந்து நின்றது. முதல் தடவை அவனைப் பறிகொடுத்தபோது அழுவதற்கு ஊர் கூடியிருந்தது. இந்தத் தடவை கடுங்காபியைப் போட்டுவைத்துக்கொண்டு அடுப்படியில் தனியாக அழுதாள். கொடுத்திருக்கக் கூடாது என்று பல நாள் நினைத்தாள். வில்லையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். போடவில்லை.

ஊரும் கொஞ்சம் மாறித்தான் போயிற்று. டீக்கடையில் ராத்திரி என்ன கண்டேன் தெரியுமா என்று ஆரம்பிக்கிற பேச்சே இல்லாமல் போனது. கனவுக்குப் பலன் சொல்கிறவர் கைரேகைக்கு மாறினார். காலையில் தெருவில் நடக்கிறவர்கள் எதையோ வைத்த இடம் மறந்தவர்கள் மாதிரி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். வசதியுள்ள சிலர் தங்கள் வில்லையை வேலைக்காரர்களின் தலையணைக்கு அடியில் வைப்பதாகப் பேச்சு வந்தது. விசாரிக்கிறோம் என்று வாரியம் சொன்னது. இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

மழைக்காலம் முடிந்து மேலக்காட்டுக்கு வண்டி ஓட ஆரம்பித்தது. திறப்பு விழாவுக்கு மைக்செட் சஷ்டிகாதான் கட்டினாள். ஆனால் வண்டியில் ஏறவில்லை. கால் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், அவள் கடையில் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஆலியா வந்து நின்றாள். கையில் இருந்த குடையை மடக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். என்ன விசேஷம்?"

"விசேஷம் இல்லக்கா. ஒரு கோளாறு." ஆலியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மலை வண்டி நாவல்மரத்து வளைவுல நிக்குது. அங்க நிறுத்தமே கிடையாது. நாங்க சொல்லிக்கொடுக்கவும் இல்ல. எல்லா வண்டியும் நிக்குது, போகும்போதும் வரும்போதும். கதவைத் திறக்குது. ஒரு ஆள் தோள்ல பாரத்தோட ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிக்குது. அப்புறம் கதவைச் சாத்திட்டுக் கிளம்பிருது."

சஷ்டிகாவின் கையில் ஒயர் அப்படியே நின்றது. "அது என் கனவா இருக்காது" என்றாள்.

"ஏன்க்கா?"

"என் கனவுல வண்டி ஒரு நாளும் நின்னதில்ல மேடம். அதுக்குத்தான நான் கத்துவேன்."

ஆலியா தலையாட்டினாள். "அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒருத்தரோட கனவு வண்டியை நிறுத்தாதுக்கா. அப்படி நிறுத்துனா ஆளாளுக்கு அவங்க மாமியார் வீட்டு வாசல்ல நிறுத்திருவாங்க. நிறையப் பேர் அதையே காணணும், திரும்பத் திரும்பக் காணணும். யார் யார்னு பார்க்க எங்களுக்கு உரிமை கிடையாது. தெருவுக்கு எத்தனை பேர்னு மட்டும் பார்க்கலாம். பார்த்தேன்."

"எத்தனை பேரு?"

"ஊர்ல பாதிக்கு மேல. அன்னைக்கு மண்டபத்துல நீங்க பேசினீங்கள்ல, அதுக்கப்புறம் வரி வந்த முதல் விடியல்லருந்தே. வரிக்குக் கை தூக்காதவங்க தெருவிலயும் அதே அளவு இருக்கு. எல்லாரும் தினமும் அந்த வளைவுக்குப் போயிருக்காங்க. வண்டியை நிறுத்தியிருக்காங்க. அவரை ஏத்தியிருக்காங்க. காலையில எந்திரிச்சா யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதான் யாரும் உங்ககிட்ட சொல்லல." ஆலியா குனிந்து குடையை ஒருவழியாக மடக்கினாள். "நானும் இந்த ஊர்லதான் தூங்குறேன். எனக்கு எத்தனை நாள் வந்துச்சோ தெரியல."

சஷ்டிகா ஒயரைக் கீழே வைத்தாள். முந்தாநாள் சில்லறைக்காகச் சண்டை போட்ட காய்கறிக்காரர், எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பக்கத்து வீட்டுக்காரி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டீச்சர், எல்லோருடைய முகமும் அவள் கண்ணில் வரிசையாக வந்தது. இந்த ஊரின் மேல் தனக்கு இவ்வளவு கோபம் இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது இறங்கியபோதுதான் தெரிந்தது.

"வாரியத்துல அதைக் கோளாறுன்னு எழுதிச் சரிபண்ணச் சொல்றாங்க" என்றாள் ஆலியா. "நிறுத்தம்னு ஒரு பேர் வச்சுட்டா கோளாறு இல்ல. நான் எழுதிப்பார்க்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும்னு தோணுச்சு."

மறுநாள் காலை முதல் வண்டியில் சஷ்டிகா ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வண்டியில் மேலக்காட்டு ஆட்கள் சிலர், ஒரு கூடை தக்காளி, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகிப் போகிற ஒரு வாத்தியார். பழகிய வண்டி மாதிரி அது வளைவுகளில் ஏறியது. கண்ணாடியில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தூக்கமா விழிப்பா என்று தெளிவாகத் தெரியவில்லை.

நாவல்மரம் தெரிந்ததும் வண்டி வேகத்தைக் குறைத்தது. நின்றது. கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. வெளியே யாரும் இல்லை. மேலக்காட்டு ஆட்கள் யாரும் ஏன் நிற்கிறது என்று கேட்கவில்லை. ஒருவர் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். கதவுக்கு அருகே இருந்த பெண் வழிவிடுகிற மாதிரி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர்களுக்கு அது பழகிவிட்டது போலிருந்தது.

வாத்தியார் மட்டும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "யாரும்மா ஏறணும்?" என்று சஷ்டிகாவைக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள். பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.